மார்க்கத்திற்கு ஆணையிட்ட மன்னர் ஹிர்கல்

ஹிர்கல் என்னும் பெயர் நம்மவர்களுக்குப் புதியதன்று. நம் அரபி மதரஸாக்களில் ஸஹீஹுல் புகாரியை ஓதத் தொடங்கும் மாணவர்கள் முதல் சில தினங்களிலேயே அவரைச் சந்தித்து விடுகிறார்கள். வஹீயின் தொடக்கத்தைக் கூறும் முதல் பாடத்தில் அவரைப் பற்றிய நீண்ட ஹதீஸ் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் கிடைக்கப்பெற்ற ரோமச் சக்கரவர்த்தி. அபூஸுஃப்யானை அழைத்து விசாரித்தவர். உண்மையை உணர்ந்தும் அதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டவர். இவ்வளவோடு அவரை நாம் விட்டுவிடுகிறோம். அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டார் என்பதும், தம் குடிமக்கள் எதை நம்ப வேண்டும் என்று சட்டம் வகுத்தார் என்பதும், அச்சட்டங்களின் கதி என்னவாயிற்று என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பகுதியையும் தெரிந்துகொண்டால் அந்த ஹதீஸின் கனம் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

ஹிர்கல் பிறந்தது 575ஆம் ஆண்டளவில். அவருடைய தந்தையின் பெயரும் ஹிர்கல்தான். ரோமப் பேரரசின் ஆப்பிரிக்க மாகாணத்திற்கு ஆளுநராக, இன்றைய தூனிஸ் நாட்டிலுள்ள கார்தேஜ் நகரில் அவர் இருந்து வந்தார். பேரரசின் தலைநகரம் அப்போது இத்தாலியிலுள்ள ரோமாபுரி அன்று. இன்று இஸ்தான்புல் என வழங்கும் கான்ஸ்டாண்டிநோபிள். அரபிகள் அதனைக் குஸ்தந்தீனிய்யா என்றனர். 602ஆம் ஆண்டில் அங்கே போக்காஸ் என்ற சாதாரணப் படை அதிகாரி ஒருவன், சக்கரவர்த்தி மாரிஸையும் அவருடைய மைந்தர்களையும் கொன்றுவிட்டு அரியணை ஏறினான். அவனுடைய கொடுங்கோன்மையை எதிர்த்துக் கார்தேஜில் கிளர்ச்சி தொடங்கியது. இளைய ஹிர்கல் கப்பற்படையுடன் புறப்பட்டு, 610ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தலைநகரை அடைந்து, போக்காஸைக் கொன்று தாமே முடிசூடிக் கொண்டார். அதே 610ஆம் ஆண்டில்தான் மக்கா நகரின் ஹிரா குகையில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ அருளப்பெற்றது. குஸ்தந்தீனிய்யாவில் அன்று முடிசூட்டு விழா கண்டவர்கள் அரபு நாட்டின் ஒரு மலைக் குகையைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது.

முடிசூடிய மன்னருக்கு நிம்மதி கிட்டவில்லை. பாரசீக மன்னன் குஸ்ரு பர்வேஸ், முன்னர் தான் ஆட்சியை இழந்து நின்றபோது தனக்குத் துணைநின்ற மாரிஸைக் கொன்றதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிப் போர் தொடுத்திருந்தான். போக்காஸ் ஒழிந்த பின்னரும் அவன் போரை நிறுத்தவில்லை. 613இல் திமிஷ்க் நகரம் விழுந்தது. 614இல் பைத்துல் முகத்தஸ் விழுந்தது. ஹழ்ரத் ஈஸா (அலை) அவர்கள் அறையப்பட்டதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் சிலுவையைப் பாரசீகர்கள் தம் தலைநகருக்கு எடுத்துச் சென்றனர். 619இல் மிஸ்ரின் துறைமுகமாகிய இஸ்கந்தரிய்யாவும் போயிற்று. தலைநகரின் எதிர்க்கரை வரை எதிரிப் படை வந்து நின்றது. கஜானா வறண்டது. அரசு ஊழியர்களின் சம்பளம் பாதியாகக் குறைக்கப்பட்டது. 615ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்ட வெள்ளி நாணயத்தில், ரோமர்களுக்கு உதவுமாறு இறைவனை இறைஞ்சும் வாசகம் பொறிக்கப்பட்டது. நாணயத்திலேயே துஆ எழுதும் அளவுக்கு நெருக்கடி! ஒரு சமயம் மன்னர் தலைநகரையே கைவிட்டுக் கார்தேஜுக்குப் போய்விட எண்ணினார் என்றும், தலைமைப் பாதிரியார் ஸெர்ஜியஸ் அவரைத் தடுத்து நிறுத்தினார் என்றும் வரலாறு கூறுகிறது.

இந்தத் தோல்விச் செய்தி மக்காவுக்கு எட்டியபோது குறைஷி முஷ்ரிக்குகள் மகிழ்ந்தனர். நெருப்பை வணங்குகிறவர்கள் வேதமுடையோரை வென்றுவிட்டனர், நாமும் முஸ்லிம்களை வெல்வோம் என்று ஏளனம் செய்தனர். அப்போதுதான் ஸூரத்துர் ரூமின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. தோற்றுப்போன ரோமர்கள் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வெல்வார்கள் என்று அல்லாஹ் முன்னறிவித்தான். ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் அதனை உறுதியாக நம்பி உபை இப்னு கலஃபுடன் ஒட்டகங்களைப் பணயமாக வைத்தார்கள். பந்தயம் தடைசெய்யப்படுவதற்கு முந்திய காலம் அது. அன்று உலகத்து அரசியல் அறிந்த எவரும் ரோமர்களின் பக்கம் ஒரு திர்ஹம்கூட வைத்திருக்க மாட்டார். மேலே நாம் சொன்ன நிலைமையைப் பார்த்தாலே அது விளங்கும்.

622ஆம் ஆண்டில், அதாவது நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த அதே ஆண்டில், ஹிர்கல் தாமே படையை நடத்திப் புறப்பட்டார். ஆலயங்களிலிருந்த பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கடனாகப் பெற்று உருக்கிக் காசடித்துப் படைக்குச் செலவிட்டார். நாட்டுச் சண்டையாக இருந்ததை மதச் சண்டையாக மாற்றினார். பாரசீகர்களின் புகழ்பெற்ற அக்கினிக் கோயில் ஒன்றை அவருடைய படை அழித்தது. 627ஆம் ஆண்டு டிசம்பரில் நீனவா நகருக்கு அருகே அவர் பெற்ற வெற்றி பாரசீகத்தின் முதுகெலும்பை முறித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் குஸ்ரு பர்வேஸ் தன் மகனாலேயே வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டான். நபிகள் நாயகத்தின் திருமுகத்தைக் கிழித்தெறிந்ததாக ஹதீஸ்களில் வரும் கிஸ்ரா அவன்தான்.

ஹிர்கல் தம் வாழ்வின் உச்சியில் நின்ற இந்தக் காலத்தில்தான் அவருக்கும் ஒரு திருமுகம் வந்தது. அதனைக் கொண்டு சென்றவர் ஹழ்ரத் திஹ்யத்துல் கல்பீ (ரலி) அவர்கள். புஸ்ரா நகரின் தலைவர் மூலமாக அது மன்னரிடம் சேர்ந்தது. ஹுதைபிய்யா உடன்படிக்கை நடப்பிலிருந்த காலமாதலால் குறைஷி வணிகர்கள் ஷாமுக்குத் தடையின்றிச் சென்று வந்தனர். அவர்களில் அபூஸுஃப்யானும் இருந்தார். அன்று அவர் இஸ்லாத்தின் எதிரி. மன்னர் அவரைப் பைத்துல் முகத்தஸுக்கு வரவழைத்தார். அவருடைய தோழர்களை அவருக்குப் பின்னால் நிறுத்தி, இவர் பொய் சொன்னால் மறுத்துரையுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கட்டளையிட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருடைய குலம் எத்தகையது? அவருடைய முன்னோரில் அரசர் எவரும் இருந்தாரா? அவரைப் பின்பற்றுவோர் செல்வர்களா, எளியவர்களா? அவர்கள் பெருகுகிறார்களா, குறைகிறார்களா? அந்த மார்க்கத்தில் சேர்ந்தபின் வெறுத்து வெளியேறியவர் உண்டா? அவர் இதற்குமுன் பொய் சொன்னதுண்டா? வாக்கு மீறியதுண்டா? எதனை ஏவுகிறார்?

தாம் பொய்யர் என்று ஊரில் பேசப்படுமே என்ற வெட்கத்தால் அபூஸுஃப்யான் உண்மையையே சொன்னார். விடைகளைக் கேட்ட மன்னர், இவை யாவும் நபிமார்களின் அடையாளங்களே என்று ஏற்றுக்கொண்டார். நீர் சொன்னது உண்மையானால் என் பாதங்கள் ஊன்றியிருக்கும் இந்த மண்ணும் ஒருநாள் அவருக்கு உரியதாகும் என்றும், அவரிடம் சென்றடைய முடியுமானால் அவருடைய பாதங்களைக் கழுவுவேன் என்றும் கூறினார். திருமுகம் வாசிக்கப்பட்டது. இஸ்லாத்தை ஏற்றால் ஈடேற்றமும் இரட்டை நற்கூலியும் உண்டென்றும், புறக்கணித்தால் குடியானவர்களின் பாவமும் அவரைச் சாரும் என்றும் அதில் எச்சரிக்கப்பட்டிருந்தது. சபையில் பெருங்கூச்சல் எழுந்தது. அரபிகள் வெளியே அனுப்பப்பட்டனர்.

ரோமர்கள் எழுதி வைத்த வரலாறுகளில் இந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை. அங்கே சபையில் இருந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அபூஸுஃப்யான் (ரலி) அவர்களே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் சொன்னதாக நமக்கு ஸஹீஹான ஹதீஸில் கிடைத்திருக்கிறது.

பிறகு மன்னர் ஹிம்ஸ் நகரிலிருந்த தம் மாளிகையில் பிரமுகர்களைக் கூட்டினார். வாயில்களைப் பூட்டச் செய்தார். நேர்வழியும் வெற்றியும் வேண்டுமானால் இந்த நபியை ஏற்றுக்கொள்ளலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். காட்டுக் கழுதைகள் மிரண்டோடுவதுபோல அவர்கள் வாயில்களை நோக்கி ஓடினார்கள். அவை மூடியிருக்கக் கண்டார்கள். அவர்களுடைய வெறுப்பைக் கண்ட மன்னர் அவர்களைத் திரும்ப அழைத்து, உங்கள் பற்றுதலைச் சோதிக்கவே அப்படிச் சொன்னேன் என்றார். அவர்கள் மகிழ்ந்து அவருக்குச் சிரம் பணிந்தார்கள். ஹதீஸில் அவருடைய கதை அத்துடன் முடிகிறது.

அறிவது வேறு, ஈமான் கொள்வது வேறு என்பதற்கு நம் உலமாக்கள் இவரை எடுத்துக்காட்டுவதுண்டு. நாம் இங்கே மற்றொன்றையும் கவனிக்கிறோம். தம் மனம் ஏற்றதை நான்கு பேர் முன்னிலையில் சொல்ல அஞ்சிய இம்மன்னர், பிறருடைய மனம் ஏற்காததை அவர்கள்மீது திணிப்பதற்கு அஞ்சவில்லை.

630ஆம் ஆண்டு ஜனவரியில் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் வெற்றியுடன் நுழைந்து கஃபாவை விக்கிரகங்களிலிருந்து தூய்மை செய்தார்கள். தம்மைத் துன்புறுத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிர்கல், பாரசீகர்களிடமிருந்து மீட்ட சிலுவையுடன் பைத்துல் முகத்தஸில் பவனியாக நுழைந்தார். அங்கே நடந்ததைப் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் ஸயீத் இப்னு பித்ரீக் எழுதியிருக்கிறார். இவர் இஸ்கந்தரிய்யாவின் தலைமைப் பாதிரியாராகவும் இருந்தவர். வழியில் தபரிய்யா நகரில் யூதர்கள் மன்னரை எதிர்கொண்டு காணிக்கைகள் அளித்து அபயம் கோரினார்கள். மன்னர் சத்தியம் செய்து அபயம் எழுதிக் கொடுத்தார். பைத்துல் முகத்தஸை அடைந்ததும் அவ்வூர்க் கிறிஸ்தவர்கள், பாரசீகர்கள் நுழைந்தபோது யூதர்களும் அவர்களோடு சேர்ந்து தம்மவரைக் கொன்றார்கள் என்று முறையிட்டு, அவர்களைக் கொல்லும்படி வேண்டினார்கள். சத்தியம் செய்துவிட்டேனே என்றார் மன்னர். அந்தப் பாவத்தை நாங்கள் சுமக்கிறோம், உங்களுக்காக ஆண்டுதோறும் ஒரு வாரம் நோன்பிருப்போம், எங்கள் சந்ததியும் உலக முடிவு வரை நோற்கும் என்றார்கள் பாதிரிமார்கள். மன்னர் இசைந்தார். யூதர்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் நகருக்கு மூன்று மைல் தூரத்திற்குள் வரக்கூடாது எனத் துரத்தப்பட்டார்கள்.

மிஸ்ரிலுள்ள கிப்திக் கிறிஸ்தவர்களின் பெருநோன்பு இன்றும் மற்றவர்களுடையதைவிட ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குகிறது. அந்த முதல் வாரத்திற்கு ஹிர்கலின் பெயர் வழங்குகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த நிகழ்ச்சியும் ஒன்று.

நோன்பின் சட்டங்களை வீட்டில் பேசிப் பழகிய நமக்கு இது பெரும் வியப்பாக இருக்கிறது. நம் மார்க்கத்திலும் சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடையளிக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இவற்றுக்கு இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். ஆனால் முறித்தவர்தாம் நிறைவேற்ற வேண்டுமே தவிர, ஊரார் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் தீர்ப்பு. அதிலும், அபயம் அளிக்கப்பட்டவரின் உயிரை எடுப்பது கஃப்பாரா கொடுத்துத் தீர்க்கும் விவகாரமே அன்று. உடன்படிக்கை செய்யப்பட்ட பிற மதத்தவரைக் கொன்றவன் சுவனத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

இதோடும் நிற்கவில்லை. 632ஆம் ஆண்டளவில், பேரரசிலுள்ள யூதர்கள் யாவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று ஹிர்கல் ஆணை பிறப்பித்தார். கார்தேஜ் நகரில் அந்த ஆணை வலுக்கட்டாயமாக நிறைவேற்றப்பட்டது. அப்படி மதம் மாற்றப்படுவோர் உள்ளத்தில் பழையதையே வைத்திருப்பார்களே என்று அங்கிருந்த கிறிஸ்தவத் துறவி மாக்ஸிமஸ் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற இறைவசனம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மதீனாவில் அருளப்பெற்றுவிட்டது. தம் பிள்ளைகளை வற்புறுத்தி இஸ்லாத்திற்குக் கொண்டுவர விரும்பிய அன்ஸாரிகள் விஷயத்தில் அது இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர்.

இனி, தம் மதத்தவரிடமே அவர் நடந்துகொண்ட முறையைப் பார்ப்போம். 451ஆம் ஆண்டில் கால்ஸிடன் நகரில் கூடிய கிறிஸ்தவக் குருமார் சபை, ஹழ்ரத் ஈஸா (அலை) அவர்களிடம் தெய்வத் தன்மை, மனிதத் தன்மை என்ற இரு தன்மைகள் உண்டென்று தீர்மானித்தது. மிஸ்ரின் கிப்திகளும், ஷாம் நாட்டவரில் பெரும் பகுதியினரும், ஆர்மீனியர்களும் அதனை ஏற்கவில்லை. இரண்டென்று பிரிப்பது தவறு என்றார்கள். ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று நம்பும் நமக்கு இந்த வழக்கே எழுவதில்லை. ஆனால் அவர்களிடையே இது இருநூறு ஆண்டுகளாகப் புகைந்து கொண்டிருந்தது. பாரசீகர்களிடமிருந்து மீட்ட மாகாணங்களை உறுதியாகப் பிணைக்க வேண்டுமானால் நம்பிக்கையும் ஒன்றாக வேண்டும் என்று ஹிர்கல் எண்ணினார். தலைமைப் பாதிரியார் ஸெர்ஜியஸ் ஒரு சமரச வாசகத்தைத் தயாரித்துக் கொடுத்தார். தன்மைகள் இரண்டானாலும் செயலாற்றல் ஒன்றே என்பது அது. எதிர்ப்பு வரவே, செயலாற்றலை விட்டுவிட்டுச் சித்தம் ஒன்றே என்று மாற்றினார்கள். 638ஆம் ஆண்டில் இது அரசாணையாக வெளியிடப்பட்டு, ஆயா ஸோஃபியா ஆலயத்தின் முகப்பில் ஒட்டப்பட்டது. எக்தெஸிஸ் என்பது அந்த ஆணையின் பெயர். இரு தரப்பாரையும் மகிழ்விக்க வகுத்த வாசகம் இரு தரப்பாருக்கும் பிடிக்கவில்லை.

மிஸ்ரில் இதனை நிலைநாட்ட 631ஆம் ஆண்டில் ஸைரஸ் என்பவர் அனுப்பப்பட்டார். தலைமைப் பாதிரியார் பதவி, மாகாண நிர்வாகம் இரண்டும் அவர் கையில் தரப்பட்டன. மிஸ்ரு வெற்றியின்போது முஸ்லிம்களுடன் பேச்சு நடத்திய முகவ்கிஸ் இவரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கிப்திகளின் குரு பின்யாமீன் தம் மக்களை உறுதியாயிருக்கச் சொல்லிவிட்டு மறைவாகப் போய்விட்டார். அவருடைய சகோதரர் மீனா பிடிபட்டார். கால்ஸிடன் தீர்மானத்தை ஏற்றுக்கொள் என்று சொல்லித் தீப்பந்தங்களால் அவர் உடலைச் சுட்டார்கள். ஏற்காததால் நீரில் மூழ்கடித்தார்கள். இதனைக் கிப்திகளின் சொந்த வரலாற்று நூலே கூறுகிறது. பத்தாண்டுக்கு மேல் மறைந்து திரிந்த பின்யாமீனுக்கு, ஹழ்ரத் அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மிஸ்ரை வென்றபின் அபயச் சீட்டு எழுதி வெளியே வரவழைத்து, தம் ஆலயங்களை நிர்வகிக்க விட்டார்கள் என்பதும் அதே நூலில் இருக்கிறது.

ஷாமும் மிஸ்ரும் ரோமர்களின் கையைவிட்டுப் போனதற்கு இந்த மத ஆணைகள் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். இருபத்தாறு ஆண்டுப் போர் கஜானாவையும் படையையும் உலர்த்திவிட்டிருந்தது. ஆயினும் மக்களின் மனம் அரசைவிட்டு விலகியிருந்ததற்கு ஹிம்ஸ் நகரம் ஒரு சாட்சி. யர்மூக் போருக்கு ஹிர்கல் பெரும்படை திரட்டியபோது, ஹிம்ஸ் மக்களைப் பாதுகாக்க இயலாதென்று கருதிய முஸ்லிம்கள் அவர்களிடம் பெற்ற வரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அவ்வூர்க் கிறிஸ்தவர்களும் யூதர்களும் முந்திய கொடுமையைவிட உங்கள் நீதியே எங்களுக்கு உகந்தது என்று கூறி, ஹிர்கலின் படை நுழையாதபடி நகர வாயில்களை மூடிக் காவல் காத்தார்கள் என்று பலாதுரீ எழுதுகிறார். மாளிகையின் வாயில்களைப் பூட்டிப் பிரமுகர்களிடம் மன்னர் பேசிப் பார்த்தது அதே ஊரில்தான்.

636ஆம் ஆண்டு யர்மூக்கில் ரோமப் படை சிதறியது. அந்தாக்கியாவில் இருந்த ஹிர்கல், இனித் திரும்புவதற்கில்லை என்று ஷாம் நாட்டிற்கு விடைகூறிப் புறப்பட்டார். பைத்துல் முகத்தஸை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த பாதிரியார் ஸோஃப்ரோனியஸ், ஹிர்கலின் சமரசக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தொழுகை நேரம் வந்தபோது உமர் (ரலி) அவர்கள் ஆலயத்தினுள் தொழ மறுத்தார்கள். தாம் தொழுதால் பின்னால் முஸ்லிம்கள் அதனைக் காரணமாக்கி ஆலயத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று கூறி வெளியே படிக்கட்டில் தொழுதார்கள். யூதர்களுக்கு அளித்த சத்தியம் முறிக்கப்பட்ட கதையை எழுதிய அதே ஸயீத் இப்னு பித்ரீக்தான் இதனையும் எழுதியிருக்கிறார்.

தோற்றுத் திரும்பிய மன்னரை ஒரு விநோதமான நோய் பற்றியது. கடலைக் கண்டால் நடுக்கம். தலைநகருக்கும் அவருக்கும் இடையே சிறு கடற்கால்வாய்தான் இருந்தது. அதைக் கடக்க முடியாமல் எதிர்க்கரை மாளிகையிலேயே தங்கிவிட்டார். முடிவில் படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலமாக்கி, நீர் கண்ணில் படாதபடி இருபுறமும் மரக்கிளைகளை வேலியாக நட்டு, அதன்மேல் குதிரையில் அழைத்துச் சென்றார்கள். கார்தேஜிலிருந்து கடல் வழியே வந்து ஆட்சியைப் பிடித்தவர் அவர்! தம் சகோதரியின் மகள் மார்ட்டினாவையே அவர் மணந்திருந்தார். அவர்கள் திருச்சபைச் சட்டத்திலும் விலக்கப்பட்ட உறவு அது. குடிமக்களின் நம்பிக்கையைத் திருத்த ஆணையிட்டவரைத் தம் வீட்டு விஷயத்தில் எவராலும் திருத்த முடியவில்லை.

641ஆம் ஆண்டு பிப்ரவரியில் உடலில் நீர் கோத்து அவர் இறந்தார். ஒரே சித்தம் என்னும் அந்த ஆணை தம்முடையதன்று, ஸெர்ஜியஸ் எழுதித் தம் பெயரில் வெளியிடக் கேட்டது என்று கடைசி நாட்களில் அவர் கைகழுவியதாகச் சொல்லப்படுகிறது. அவ்வாண்டிலேயே மார்ட்டினாவும் அவள் மகனும் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு அங்கங்கள் வெட்டப்பட்டனர். 680-81இல் குஸ்தந்தீனிய்யாவில் கூடிய குருமார் சபை, ஹிர்கல் வெளியிட்ட கொள்கையைத் தவறென்று தீர்த்து, ஸெர்ஜியஸையும் ஸைரஸையும் பெயர் கூறிச் சபித்தது. மன்னரின் பெயரை மட்டும் விட்டுவிட்டது. சபைக்குத் தலைமை தாங்கிய சக்கரவர்த்தி நான்காம் கான்ஸ்டன்டைன், ஹிர்கலின் பேரனுடைய மகன். எந்தக் கிப்திகளையும் ஷாம் நாட்டாரையும் பிணைப்பதற்காக அந்த வாசகம் வகுக்கப்பட்டதோ, அவர்கள் அப்போது அந்த அரசின் எல்லைக்குள் இல்லை.